கட்டுப் பிரிக்கும் முன் ஒரு கையெழுத்து

என் மச்சினன் டைல்ஸ் ஒட்டுகிறவன். வயது 34. போன வருடம் ஆடி மாதத்தில் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, பைபாஸில் திடீரென்று திரும்பிய சரக்கு வேன் ஒன்று அவன் பைக்கை இடித்துத் தள்ளியது. வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. பிளேட்டும் ஏழு ஸ்க்ரூவும் வைத்தார்கள். அரசு மருத்துவமனை எலும்பு வார்டில் அவனுக்குத் துணையாக இருந்தவன் நான்.

பதினோராவது நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், கையில் ரெக்ஸின் பையும் அரை டஜன் சாத்துக்குடியுமாக ஒருவர் வந்தார். "தம்பி, அந்த வேனோட இன்சூரன்ஸ் பக்கத்துல இருந்து வர்றேன். பயப்படாதீங்க, சும்மா நாலு கேள்விதான்" என்றார். லைசென்ஸ் இருந்ததா, ஹெல்மெட் போட்டிருந்தாயா, பின்னால் எத்தனை பேர், என்ன வேகம், வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் யார் யார். பதில்களைத் தன் பாஷையில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு, கடகடவென்று வாசித்துக் காட்டிவிட்டு, கீழே கையெழுத்துக் கேட்டார். மச்சினன் என் முகத்தைப் பார்த்தான். நான் தாளை வாங்கிப் படித்தேன். அவன் "நாற்பதுல வந்துட்டிருந்தேன் சார்" என்று சொன்னது, "வேகமாக வந்துகொண்டிருந்தேன்" என்று மாறியிருந்தது.

கையெழுத்துப் போடவில்லை. ஆறு வாரம் கழித்து வேறொருவர் போனில் பேசினார். இந்த முறை கேள்வி இல்லை, தொகைதான். இரண்டரை லட்சம். "வக்கீல் வேண்டாம், வாய்தா வேண்டாம், தீர்ப்பாயத்துல ஒரு நாள் வந்து சம்மதம்னு சொன்னாப் போதும். முப்பது நாள்ல அக்கவுன்ட்ல விழுந்துடும். சட்டத்துல உள்ள தொகை சார், ஒரு ரூபா குறைக்கல."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எனக்கு இது புரியவே இரண்டு மாதம் ஆனது. பொய் இல்லாத ஒரு பேச்சில் என்னவெல்லாம் விட்டுப்போயிருந்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அப்படிக் கட்டாயப்படுத்துகிறது. போலீஸ் மறித்தால் காட்டுவதற்கென்று நம்மில் பலர் டேங்க் கவரில் மடித்து வைத்திருக்கும் காகிதம் அதுதான். முதல் பார்ட்டி வண்டிக்காரர், இரண்டாவது கம்பெனி, மூன்றாவது அடிபடுகிறவர். இந்த மூன்றாமவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தக் கம்பெனியை அவர் தேர்ந்தெடுக்கவும் இல்லை. சேவை பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவேன் என்று அவரால் மிரட்ட முடியாது. கம்பெனிக்கு வாடிக்கையாளர் வேன்காரர்தான். அடிபட்டவர் அவர்கள் புத்தகத்தில் ஒரு செலவு. சாத்துக்குடி வாங்கி வருகிறவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். அவரை அனுப்பிவைத்த கணக்கு வேறு.

இதற்கு முன்னாலெல்லாம் இழப்பீடு என்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான். அங்கே போடும் மனுவுக்குச் சுருக்கப் பேர் 'எம்.சி.ஓ.பி.'; நம் ஊர் நீதிமன்ற வளாகங்களில் அது டீக்கடைக்காரருக்கும் தெரியும். மனு போட்டு, நம்பர் வாங்கி, நோட்டீஸ் போய், வேன்காரர் வராமல், கம்பெனி பதில் மனு போட்டு, டாக்டரைக் கூண்டில் ஏற்றி, தீர்ப்பு வந்து, பிறகு உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு என்று வருடங்கள் ஓடும். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் இந்தத் தீர்ப்பாயமாகவும் இயங்குகிறது. அதன் தாழ்வாரத்தில் ஒரு முற்பகல் நின்றால் போதும், ஊன்றுகோல் எத்தனை விதம் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த இழுவையைக் குறைக்க டெல்லியில் ஒரு வழி பிறந்தது. 2003இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ராஜேஷ் தியாகி வழக்கில், நீதிபதி ஜே.ஆர். மிதா போலீஸ், இன்சூரன்ஸ் கம்பெனிகள், தீர்ப்பாயங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு நடைமுறையை வகுத்தார். 2010 ஏப்ரலில் அதைச் சோதனையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அடிபட்டவர் மனுவோடு அலைய வேண்டாம், போலீஸே விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பட்டும், கம்பெனி தன் பக்கத்துத் தொகையை முப்பது நாளுக்குள் சொல்லட்டும் என்பது அதன் சாரம். உச்ச நீதிமன்றம் அதைப் பாராட்டியது. பிறகு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இந்த எண்ணத்தை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. இன்சூரன்ஸ் பற்றிய அந்த அத்தியாயமும் அதற்கான விதிகளும் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன.

போனில் வந்த பேச்சுக்கு வேர் இந்தப் புதிய சட்டத்தின் 149ஆம் பிரிவு. விபத்துத் தகவல் கிடைத்ததும் கம்பெனி ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் முப்பது நாளுக்குள், தீர்ப்பாயத்தின் முன்னிலையில், இவ்வளவு தருகிறோம் என்று முன்வரலாம். அடிபட்டவர் ஒப்புக்கொண்டால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும், வழக்கு சம்மதத்தில் முடிந்ததாகக் கொள்ளப்படும், அடுத்த முப்பது நாளுக்குள் பணம் வர வேண்டும். மறுத்தால் விசாரணைக்குத் தேதி குறிப்பார்கள். மறுத்ததற்காக எந்தத் தண்டனையும் கிடையாது. இந்தக் கடைசி வரியைப் போனில் பேசியவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்தது என் அப்பாவித்தனம்.

வழி நல்ல வழிதான். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்துக்கிடக்க, மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியில் அறுபதாயிரம் வாங்கியிருக்கும் குடும்பத்துக்கு, ஐந்து வருடம் கழித்து வரும் எட்டு லட்சத்தைவிட அடுத்த மாதம் வரும் இரண்டரை லட்சம் பெரிது. வட்டிக்குக் கொடுத்தவர் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க மாட்டார்.

சிக்கல் அந்த முப்பது நாள் என்ற கணக்கில் இருக்கிறது.

2022 விதிகளில் வரும் கெடுக்களை வரிசையாகப் பாருங்கள். போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். இடைக்கால அறிக்கைக்கு 50 நாள். சாட்சி, வரைபடம், மருத்துவ ஆவணம், வண்டி ஆய்வு எல்லாம் அடங்கிய விரிவான அறிக்கைக்கு 90 நாள். உடைந்த எலும்பு இதில் எந்தத் தேதியையும் மதிக்காது. கால் எலும்பு சேருவதற்கே மூன்று மாதம் ஆகும், நொறுங்கிய எலும்பென்றால் ஆறு மாதமும் தாண்டும். அதற்குப் பிறகு பிசியோதெரபி. முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பது அப்போதுதான் தெரியவரும். மருத்துவக் குழு நிரந்தர ஊனத்தைக் கணக்கிடுவது சிகிச்சை முடிந்த பிறகுதான். ஆக, முப்பதாவது நாளில் விலை பேசும்போது, விற்கப்படும் சரக்கு என்னவென்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. ஆனால் கம்பெனி இதுபோல ஆயிரக்கணக்கான கால்களைப் பார்த்திருக்கிறது. சராசரியாக எத்தனை முழங்கால் மடங்காமல் போகும் என்பது அவர்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். என் மச்சினனுக்கு இருப்பது ஒரே ஒரு வலது கால்.

இரண்டரை லட்சம் என்ற தொகை எங்கிருந்து வந்தது? 164ஆம் பிரிவிலிருந்து. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எலும்பு முறிவு என்றாலே சட்டத்தின் பார்வையில் கொடுங்காயம். விரல் எலும்பு விண்டாலும் சரி, இடுப்பெலும்பு நொறுங்கினாலும் சரி, அதே இரண்டரை லட்சம். விரல் முறிந்தவருக்கு இது அதிர்ஷ்டம்தான்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 2019க்கு முந்தைய சட்டத்தில் 140ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதுவும் தப்பு யாருடையது என்று கேட்காமல் கொடுக்கும் தொகைதான். இறப்புக்கு 50,000, நிரந்தர ஊனத்துக்கு 25,000. சின்னத் தொகை. ஆனால் அது ஒரு முன்பணம். அதை வாங்கிக்கொண்டே பெரிய வழக்கை நடத்தலாம், கடைசியில் வரும் தொகையில் அதைக் கழித்துக்கொள்வார்கள். புதிய சட்டம் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக 166ஆம் பிரிவில் ஒரு வாசகத்தைச் சேர்த்தது: 149இல் சொன்ன முறைப்படி 164இன் தொகையை ஒருவர் ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் அவர் போட்ட மனு காலாவதியாகிவிடும். தொகை பத்து மடங்கு ஏறியது, கூடவே கதவுக்குப் பூட்டும் வந்தது. பழைய 25,000 ரூபாய் வாங்கியவர் மறுநாள் வக்கீலைப் பார்க்கலாம். புதிய இரண்டரை லட்சம் வாங்கியவருக்கு அந்த வழி அடைந்துவிட்டது. அந்த வார்டில் நான் பேசிப் பார்த்த ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரியாது.

பூட்டினால் பூட்டியதுதான். 2002இல் நாகப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. இறுதித் தீர்ப்பு வந்த பிறகு, பின்னால் மருத்துவச் செலவு ஏறிவிட்டது என்று இன்னொரு தொகை கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் இல்லை, ஆகையால் எதிர்காலச் செலவையும் முதலிலேயே கணக்கிட்டுவிட வேண்டும் என்றது நீதிமன்றம். பிளேட்டை எடுக்க இரண்டாவது ஆபரேஷன், சேராத எலும்புக்கு இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைத்தல், பத்து வருடம் கழித்து மூட்டு தேய்ந்து மாற்றுதல் எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடங்க வேண்டும்.

இனி கணக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாப் பேரமும் இந்தக் கணக்கின் மேல்தான் நடக்கிறது.

மச்சினனுக்குப் பிற்பாடு மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழில் ஊனம் 20 சதவீதம். இந்த இருபதைப் பணமாக மாற்ற இரண்டு வழி இருக்கிறது. முதல் வழிக்குத் தமிழ்நாட்டு நீதிமன்ற வட்டாரத்தில் சதவீத முறை என்று பேர். ஒரு சதவீதத்துக்கு 3,000, 5,000 என்று ஒரு தொகையைப் பெருக்கிவிடுவார்கள். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் இது சாதாரணமாகக் காணக்கிடைக்கும். 5,000 என்று வைத்தால் 20 சதவீதத்துக்கு ஒரு லட்சம். வலி, வேதனை, ஆஸ்பத்திரிச் செலவு, சத்தான உணவு, போக்குவரத்து, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம் என்று மற்ற தலைப்புகளைச் சேர்த்தால் எங்கோ இரண்டு, இரண்டரை லட்சத்தில் வந்து நிற்கும். அப்படிப் பார்த்தால் போனில் வந்த தொகை நியாயம்தான். தாராளம் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது வழி பெருக்கு முறை. இது ஊனத்தைப் பார்ப்பதில்லை, ஊனத்தால் போன சம்பாத்தியத்தைப் பார்க்கிறது. மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்கிறது என்று வைப்போம். சொந்தமாகத் தொழில் செய்கிறவர், 40 வயதுக்குள் இருக்கிறவர் என்றால் எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் வந்த தீர்ப்பு. அது இறப்பு வழக்கு. காயப்பட்டவர்களுக்கும் அந்தக் கூடுதல் உண்டு என்று 2020இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக மாதம் 21,000, வருடம் 2,52,000. 31 முதல் 35 வயது வரைக்கும் பெருக்கும் எண் 16 என்று 2009ஆம் ஆண்டு சர்லா வர்மா தீர்ப்பின் அட்டவணை சொல்கிறது. பெருக்கினால் 40,32,000. அதில் 20 சதவீதம் 8,06,400 ரூபாய். மற்ற தலைப்புகள் இதற்கு மேல்.

ஒரே கால், ஒரே சான்றிதழ். ஒரு வழியில் ஒரு லட்சம், இன்னொரு வழியில் எட்டு லட்சம். எந்த வழி பொருந்தும் என்பதை 2010இல் ராஜ்குமார் வழக்கின் தீர்ப்பைப் படித்தால் புரிந்துகொள்ளலாம். விபத்து வழக்குகளில் இதைவிடத் தெளிவாக எழுதிய தீர்ப்பை நான் பார்த்ததில்லை. டாக்டர் சொல்லும் ஊனம் வேறு, பிழைப்பில் ஏற்படும் இழப்பு வேறு என்கிறது அது. இடது கை போன ஒருவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாத்தியம் ஏறக்குறைய முழுவதும் போய்விடலாம். அதே கை போனவர் அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே இந்த மனிதர் முன்பு என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியாது என்று தீர்ப்பாயம் கேட்டாக வேண்டும்.

டைல்ஸ் வேலையைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் குந்தியபடிதான் வேலை. ஒரு கல்லை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் பார்த்து, குந்தியபடியே அரையடி பின்னால் நகர்ந்து அடுத்த கல். மச்சினனின் வலது முழங்கால் இப்போது தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்குவதில்லை. நாற்காலியில் உட்காரலாம். பஸ் ஏறலாம். குந்த முடியாது. மருத்துவக் குழுவின் தாளில் அது 20 சதவீதம். அவன் தொழிலில் அது எத்தனை சதவீதம்? அவனுடைய மேஸ்திரி பதில் சொல்லிவிட்டார். இப்போது அவனைக் கல் வெட்டும் மெஷினில் நிற்க வைத்திருக்கிறார், பாதிக் கூலிக்கு.

இந்தக் கேள்வியை முப்பதாவது நாளில் கேட்க வழியே இல்லை. அப்போது கால் கட்டுக்குள் இருந்தது. மடங்குமா மடங்காதா என்று அவனுக்கே தெரியாது. கட்டுப் பிரித்து, எலும்பு சுத்தமாகச் சேர்ந்து, முன்போலவே குந்தியிருந்தான் என்றால் இரண்டரை லட்சத்தை விட்டது முட்டாள்தனம் என்று என் தங்கையே என்னைத் திட்டியிருப்பாள். நியாயமாகத்தான் திட்டியிருப்பாள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதே சண்டை வேறு உருவத்தில் நடந்தது. அங்கே கார் பின்னால் வந்து இடித்து ஏற்படும் கழுத்துச் சுளுக்கு வழக்குகள் ஏராளம். அடிபட்டவர் வக்கீலிடம் போவதற்குள் எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனியே போன் செய்து, மருத்துவ அறிக்கை எதுவும் இல்லாமல் ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிடும். வக்கீல் செலவு மிச்சம் என்பது கம்பெனியின் லாபம். மூன்றாமவரைக் கைப்பற்றுதல் என்றே அதற்கு அந்தத் தொழிலில் பேர் வைத்திருந்தார்கள், ஏதோ கோட்டையைப் பிடிக்கிற மாதிரி. 2018இல் வந்த சட்டம், 2021 மே 31 முதல், கழுத்துச் சுளுக்குக் கோரிக்கைகளை மருத்துவ அறிக்கை இல்லாமல் பேசி முடிப்பதையே தடை செய்தது. அதே சட்டம் இழப்பீட்டுத் தொகைகளையும் வெகுவாக வெட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஆறிவிடும் சுளுக்குக்கு 240 பவுண்டு என்று பட்டியல் போட்டார்கள். அடிபட்டவருக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்த சட்டம் அது. இருந்தாலும் அறிக்கைக்கு முன் பேரம் கூடாது என்ற அந்த ஒரு விதியை நான் பொறாமையோடுதான் பார்க்கிறேன். நம் 149ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி இல்லை.

அதற்காக நம் சட்டம் அடிபட்டவரை முழுக்கக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. கம்பெனியும் வண்டிக்காரரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டால் அது செல்லாது, அடிபட்டவரும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருக்க வேண்டும் என்கிறது 153ஆம் பிரிவு. ஒப்பந்தம் நேர்மையானதா, யாராவது நெருக்கி ஒப்புக்கொள்ள வைத்தார்களா என்று தீர்ப்பாயம் பார்த்தாக வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அந்தத் தொகை எதனோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது தெரியுமா? 164இன் அதே தொகைப் பட்டியலோடு. ஆக, இரண்டரை லட்சம் வந்துவிட்டது, அடிபட்டவரும் சம்மதம் என்கிறார் என்றால், நூறு வழக்குக் கட்டு மேஜையில் இருக்கும் நீதிபதி அதற்கு மேல் எதைத் தோண்டுவார்? "சம்மதமா?" என்று கேட்பார். வட்டிக்காரருக்குப் பயந்து நிற்பவர் "சம்மதம் ஐயா" என்பார்.

வக்கீல் வேண்டாம் என்ற பேச்சு ஏன் இவ்வளவு சுலபமாக எடுபடுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. வார்டில் முதலில் வந்து நின்றவர் அந்த ரெக்ஸின் பைக்காரர் இல்லை. அவருக்கு நான்கு நாள் முன்பே ஒருவர் வந்துவிட்டார், ஏதோ ஒரு வக்கீல் ஆபீசின் பேரைச் சொல்லிக்கொண்டு. வக்காலத்தில் கையெழுத்துப் போடு, ஒரு பைசா செலவில்லை, வருவதில் கால்வாசி எங்களுக்கு என்றார். தீர்ப்புத் தொகையில் பங்கு என்று பேசி வக்கீல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. அந்த விதி ஏட்டில் இருக்கிறது. வார்டில் நடப்பது இது. கால்வாசி போய், ஏஜென்டுக்கும் ஏதோ போய், மிச்சம்தான் கைக்கு வரும் என்று தெரிந்த குடும்பம் கம்பெனியின் போனை நம்பத்தான் செய்யும். கம்பெனிகள் இந்த அவநம்பிக்கையின் மேல்தான் சவாரி செய்கின்றன, அதை உண்டாக்கியது வக்கீல் தொழிலின் ஒரு மூலை.

நாங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் போன்றவர்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். எங்களுக்குக் கிடைத்த வக்கீல் அம்மா கட்டுகளைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது எஃப்.ஐ.ஆர். இல்லை. "ஏ.ஆர். காப்பி எங்கே?" என்றார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல். யாரால், எப்படி அடிபட்டது என்று முதல் வாயில் சொன்னது அதில்தான் இருக்கும். "வேன் இடித்து" என்றிருந்தால் ஒரு கதை, "பைக்கிலிருந்து விழுந்து" என்றிருந்தால் வேறு கதை. அவசரத்தில் கொண்டுவந்து சேர்த்த யாரோ ஒருவர் சொன்ன வாசகம் பல லட்சத்தைத் தீர்மானித்துவிடும். எங்கள் நல்ல காலம், சரியாக இருந்தது. அந்த வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாததற்கு அவர் என்னைப் பாராட்டினார். போட்டிருந்தால் அது விசாரணையில் கம்பெனியின் ஆவணமாக வந்து நின்றிருக்கும், பாதித் தப்பு இவன் மேல் என்று சொல்வதற்கு. பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டும் அவர்கள் மேலும் தப்பு என்று தொகையைக் குறைக்க முடியாது, அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும் என 2020இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதாகவும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். ரெக்ஸின் பைக்காரர் "பின்னால் எத்தனை பேர்" என்று கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மனு போட ஆறு மாதம்தான் கெடு என்பது இன்னொரு நெருக்கடி. 1994 திருத்தத்துக்குப் பிறகு கால வரம்பே இல்லாமல் இருந்தது. 2019 சட்டம் அதை 166ஆம் பிரிவில் திரும்பக் கொண்டுவந்தது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பிக் காலை நீட்டிக்கொண்டு படுக்க முடியாது. ஊனச் சான்றிதழுக்குக் காத்திருக்க வேண்டும், ஆனால் மனுவைக் காத்திருக்க வைக்கக் கூடாது. மனுவைப் போட்டு நம்பர் வாங்கிவிட்டால் ஒரு லாபமும் உண்டு: வட்டி பொதுவாக மனுப் போட்ட தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். நம் பக்கத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஏழரை சதவீதம் கொடுக்கின்றன. நூற்றுக்கு மூன்று வட்டிக்காரரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லைதான்.

நாங்கள் மறுத்ததும் கம்பெனி மறைந்துவிடவில்லை. மனுப் போட்ட மூன்றாம் மாதமே, மக்கள் நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாமா என்று கம்பெனி வக்கீல் கேட்டார். அங்கே பேசி முடித்தாலும் முடிவு இறுதிதான். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆனால் அங்கே உட்காரும்போது கையில் மருத்துவக் குழுவின் சான்றிதழ் இருக்கும், பக்கத்தில் நம் வக்கீல் இருப்பார், எட்டு லட்சத்துக்கு எப்படிக் கணக்கு வந்தது என்று சொல்லத் தெரிந்திருக்கும். கம்பெனிக்காரரோடு நேராகப் பேசுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எப்போது பேசுகிறோம் என்பதுதான் விஷயம். முதல் போனில் இரண்டரையில் நின்றவர்கள், சான்றிதழைப் பார்த்த பிறகு மக்கள் நீதிமன்ற மேஜையில் ஐந்தே கால் என்றார்கள். எங்கள் வக்கீல் அம்மா எழுந்து, பிளேட் எடுக்கும் செலவும் பாதிக் கூலியும் இதில் எங்கே என்று கேட்டார். அன்று முடியவில்லை.

அறுபதாயிரத்துக்கு என் தங்கை தன் வளையல் இரண்டை வங்கியில் வைத்து வட்டிக்காரரை முடித்துவிட்டாள். அதைச் செய்திருக்காவிட்டால் ஆறாவது வாரமே நாங்கள் "சம்மதம் ஐயா" என்று சொல்லியிருப்போம், இந்தப் பிரிவுகளெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்திருக்காது. ஆவணியில் பிளேட்டை எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தீர்ப்பாயத்தில் அடுத்த வாய்தா அதற்கு முந்தின வாரம். மேஸ்திரியைச் சாட்சிக்குக் கூட்டிவர வேண்டும், ஒருநாள் கூலி போகும் என்று யோசிக்கிறார்.